ஃபாண்ட்டையும் சேர்த்துப் போட்டுக் கொடுங்க

தொண்ணூறுகளில் சென்னையில் அச்சுத் தொழிலை ஒட்டிப் பிழைத்தவர்களின் காதில் தினமும் விழுந்த வாசகம் ஒன்று உண்டு: "ஃபைலோட ஃபாண்ட்டையும் சேர்த்துப் போட்டுக் கொடுங்க." கல்யாணப் பத்திரிகையோ, கட்சி நோட்டீஸோ, கவிதைத் தொகுப்போ, டிடிபி சென்டரில் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் அடித்து முடித்ததும் ஃப்ளாப்பியில் ஏறி, ஃபிலிம் எடுக்கும் இடத்துக்குப் போகும். அங்கே உள்ள கணினியில் அதே தமிழ் எழுத்துரு இல்லையென்றால் திரையில் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்தும் புரியாத குறிகளும் கலந்து கொட்டிக் கிடக்கும். அன்றைய எழுத்துரு ஒன்றில் இருந்ததே 256 இடங்கள்தான். தமிழின் 247 எழுத்துகளைக் கொம்பும் காலும் கொக்கியுமாகப் பிரித்து அந்த இடங்களுக்குள் அடைத்தார்கள். எந்த எழுத்து எந்த இடத்தில் என்பதை எழுத்துரு செய்தவர்கள் அவரவர் வசதிப்படி வைத்துக்கொண்டார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டிலிருந்து டாம், டாப் என்ற பொது ஒழுங்குகள் வந்தன. அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் பழைய எழுத்துருக்களே அச்சுக்கூடங்களை ஆண்டன. ஆகவே கோப்பு போன இடமெல்லாம் எழுத்துருவும் கூடவே போயிற்று. பத்து இடம் போனால் பத்துப் பிரதி. கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் அது ஓர் உதவியாகவே பட்டது. அந்த எழுத்தை வரைந்த மனிதர் ஒருவர் எங்கோ இருக்கிறார், இந்தப் பிரதிகளில் ஒன்றுக்காவது அவருக்குக் காசு போக வேண்டியிருந்தது என்ற எண்ணம் அந்தத் தெருக்களில் எழுந்ததாகவே நினைவில்லை.

பெரிய மென்பொருள்களின் கதையும் அதுதான். ரிச்சி தெருவில் உதிரிபாகம் வாங்கி 'அசெம்பிள்' செய்து கொடுத்த கணினிகளில் விண்டோஸும் ஆபீஸும் 'லோடு' செய்தே தரப்பட்டன. விலைப்பட்டியலில் மதர்போர்டு, ராம், ஹார்டு டிஸ்க், மானிட்டர் எல்லாவற்றுக்கும் விலை இருக்கும், மென்பொருளுக்கு மட்டும் இருக்காது. அந்தக் காலத்தைத் திரும்பிப் பார்க்கிறபோதெல்லாம் ஒரு கேள்வி என்னை விடுவதில்லை. அது திருட்டா? ஆமாம் என்று அடித்துச் சொல்கிறவர்கள் ஒரு பக்கம். திருட்டே இல்லை, அதனால் அதில் தப்பும் இல்லை என்கிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறது என்பது என் எண்ணம். திருட்டு என்றால்தான் குற்றம், இல்லையென்றால் குற்றமே இல்லை என்று இரு தரப்பும் எடுத்துக்கொள்கின்றன. மென்பொருளை அனுமதியின்றிப் பிரதி எடுப்பது திருட்டு ஆகாது. ஆனால் அது தவறு. அந்தத் தவறுக்குத் தமிழில் பொருத்தமான பெயரும் உண்டு: கூலியை மறுப்பது. இந்தப் பெயர் வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சியாகத் தோன்றலாம். யாருக்கு எவ்வளவு கெடுதல் நடந்தது என்பதைப் பார்க்கிற கண்ணையே அது மாற்றிவிடுகிறது என்பதால்தான் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

திருட்டு என்ற சொல்லுக்குச் சட்டத்தில் நெடுங்காலமாகத் தெளிவான பொருள் இருந்து வந்திருக்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 378ஆம் பிரிவின்படி, ஒருவரின் வசமுள்ள அசையும் பொருளை அவர் சம்மதமின்றி, நேர்மையற்ற நோக்கோடு, அவர் வசத்திலிருந்து எடுப்பதற்காக நகர்த்தினால் அது திருட்டு. நகர்த்துவதும், வசத்திலிருந்து எடுப்பதும்தான் அதன் உயிர். என் சைக்கிளை ஒருவர் எடுத்துப்போனால் நான் நாளை நடந்துதான் போக வேண்டும். என் மென்பொருளை ஒருவர் பிரதி எடுத்தால் நாளையும் அது என்னிடமே இருக்கிறது. நான் அதை விற்கலாம், மாற்றலாம், பூட்டி வைக்கலாம். இந்த வேறுபாட்டை உலகின் பல நீதிமன்றங்கள் கவனித்திருக்கின்றன. இங்கிலாந்தில் லிவர்பூல் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தேர்வுக்கு முன்பே வினாத்தாளைக் கைப்பற்றிப் படித்துவிட்டுத் திரும்ப வைத்துவிடத் திட்டமிட்டார். 1979இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு எதிர் மாஸ் தீர்ப்பு, தாளில் இருந்த ரகசியத் தகவல் திருடப்படக்கூடிய சொத்து ஆகாது என்றது. அவர் செய்தது சரி என்று யாரும் சொல்லவில்லை. திருட்டுச் சட்டத்தில் அது அடங்காது என்றுதான் சொன்னார்கள். அமெரிக்காவில் எல்விஸ் பிரெஸ்லியின் பாடல் பதிவுகளை அனுமதியின்றி இசைத்தட்டாக அடித்து மாநிலம் விட்டு மாநிலம் அனுப்பியவர்மேல் திருட்டுப் பொருள் கடத்தல் சட்டத்தைப் பாய்ச்சினார்கள். 1985இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பதிப்புரிமையை மீறுகிறவர் உரிமையாளரின் பொருளைக் கைப்பற்றுவதில்லை, அவருக்கு மட்டுமே உரிய ஒரு வேலையை அவர் அனுமதியின்றிச் செய்கிறார் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். மென்பொருளிலேயே இதற்கு உதாரணம் உண்டு. 1994இல் எம்.ஐ.டி. மாணவர் ஒருவர் லாபம் எதுவும் பார்க்காமல் மென்பொருள்களைப் பிறர் இறக்கிக்கொள்ள வழி செய்தார். அவர்மேல் போட்ட மோசடி வழக்கு, அந்தச் சட்டத்தில் இது அடங்காது என்று தள்ளுபடியானது. அந்த ஓட்டையை அடைக்க 1997இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, அதன் பெயரிலேயே 'மின்னணுத் திருட்டு' என்பதைச் சேர்த்தது. ஆனால் உள்ளே திருத்தியது பதிப்புரிமைச் சட்டத்தைத்தான்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கையில் பிடிக்க முடியாததைத் திருட முடியாது என்றால், கொக்கி போட்டு மின்சாரம் எடுப்பதை எப்படித் திருட்டு என்கிறோம்? நியாயமான கேள்வி. 1910ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், மின்சாரத்தை நேர்மையின்றி எடுத்தால் அது திருட்டாகக் கருதப்படும் என்று தனியாக எழுதி வைத்தது. பொதுவான திருட்டுப் பிரிவில் அது தானாக அடங்கவில்லை என்பதற்கு அந்தக் 'கருதப்படும்' என்ற சொல்லே சாட்சி. அதைவிட முக்கியம், கொக்கியில் எடுத்த ஒவ்வொரு யூனிட்டும் தீர்ந்துபோகிறது. அதற்கு நிலக்கரி எரிந்திருக்கிறது, நெய்வேலியில் சுரங்கத் தொழிலாளி வியர்வை சிந்தியிருக்கிறார், அதே யூனிட்டை இன்னொரு வீட்டுக்குக் கொடுக்க முடியாது. மென்பொருள் பிரதியில் எதுவும் தீர்வதில்லை. இரண்டாவது மறுப்பு நம் சட்டத்திலிருந்தே வருகிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, அசையும் சொத்து என்பதன் விளக்கத்தில் 'உருவமுள்ள' என்று இருந்த கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. 2019இல் நம் உச்ச நீதிமன்றமும், ஒரு நிறுவனத்தின் ஆவணங்களைத் தற்காலிகமாக எடுத்து நகல் எடுப்பது திருட்டு ஆகலாம், ஆவணத்தில் உள்ள தகவலும் அதில் அடங்கும் என்று கூறியிருக்கிறது. இவற்றை மறைத்துவிட்டு வாதாடுவது நேர்மையாகாது. ஆனால் புதிய சட்டத்தின் 303ஆம் பிரிவிலும் 'வசத்திலிருந்து எடுப்பது' அப்படியே நிற்கிறது. 2019 வழக்கில் பேசப்பட்டது ஒரு காகிதம் ஒரு அலமாரியிலிருந்து வெளியே போனதைப் பற்றி. கடையில் காசு கொடுத்து வாங்கிய சிடியை நண்பருக்குப் பிரதி எடுத்துக் கொடுப்பவர் யாருடைய அலமாரியையும் திறக்கவில்லை.

நம் பதிப்புரிமைச் சட்டம் இதை எப்படி நடத்துகிறது என்று பார்த்தாலே விஷயம் விளங்கும். 1984இல் செய்த திருத்தத்தால் கணினி நிரல்களும் 1957ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் இலக்கியப் படைப்பு என்ற பெயரில் வந்தன. சட்டத்தின் கண்ணில் பேஜ்மேக்கரும் ஒரு நாவலும் ஒரே வகுப்பு. பின்னால் சேர்த்த 63பி பிரிவு, கள்ளப் பிரதி என்று தெரிந்தே ஒரு நிரலைப் பயன்படுத்துபவருக்குக் குறைந்தது ஏழு நாள் சிறை, அதிகபட்சம் மூன்று ஆண்டு, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம் என்கிறது. ஆனால் அதே பிரிவில், லாபத்துக்காகவோ தொழிலுக்காகவோ பயன்படுத்தாதவருக்கு நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து ஐம்பதாயிரத்துக்குள் அபராதம் மட்டும் போடலாம் என்று ஒரு வாசலும் திறந்திருக்கிறது. முறைப்படி வாங்கியவர் பாதுகாப்புக்காகப் பிரதி எடுத்து வைத்துக்கொள்வதை 52ஆம் பிரிவு குற்றமாகவே பார்க்கவில்லை. அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனவரிடம் இது சோற்றுக்கா, வியாபாரத்துக்கா என்று கேட்டுத் திருட்டுப் பிரிவு தண்டனையை இப்படிப் பிரித்து எழுதவில்லை. இன்னொன்று. நிலத்தையும் நகையையும் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கலாம். எழுத்தின் உரிமை ஆசிரியர் இறந்து அறுபது ஆண்டுகளில் தீர்ந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் அதற்கும் முன்பே தீர்ப்பதற்கு ஒரு வழி வைத்திருக்கிறோம். நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் நூல்களை அரசு நாட்டுடைமையாக்கி, வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுத்திருக்கிறது. அரசாணை வருவதற்கு முந்தைய நாள் அனுமதியின்றி அந்த நூலை அச்சிட்டவர் உரிமையை மீறியவர்; மறுநாள் அதே தாளில் அதே எழுத்தை அச்சிட்டவர் தமிழுக்குத் தொண்டு செய்தவர். குடும்பத்துக்குப் போக வேண்டியது போய்ச் சேர்ந்தது ஒன்றுதான் இடையில் மாறியது. இங்கே விஷயம் ஒரு பொருளைப் பற்றியது இல்லை, ஒரு பாக்கியைப் பற்றியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

தமிழ்நாட்டு மக்களின் பேச்சிலேயே இதற்கு நல்ல ஒப்புமை இருக்கிறது. டிக்கெட் எடுக்காமல் ரயிலில் போவதை நாம் 'வித்தவுட்' என்கிறோம். ரயில் எப்படியும் போகத்தான் போகிறது. காலியாகக் கிடந்த இடத்தில் ஒருவர் உட்கார்ந்து போவதால் ஒரு சொட்டு டீசல் கூட அதிகம் எரிவதில்லை. ஆனாலும் அது தவறு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எல்லோரும் அப்படிப் போனால் ரயில் ஓடாது. ஓட்டுகிறவருக்கும் தண்டவாளம் பார்க்கிறவருக்கும் சம்பளம் டிக்கெட் வாங்கியவர்களின் கையிலிருந்துதான் போகிறது. அகப்பட்டவரிடம் டிடிஆர் முதலில் கேட்பது கட்டணத்தையும் அதற்குமேல் அபராதத்தையும்தான். ஏமாற்றும் நோக்கம் இருந்தால் சிறை வரைக்கும் ரயில்வே சட்டத்தில் இடமுண்டு. அப்போதும் அவரை ரயில் திருடன் என்று எவரும் சொல்வதில்லை. நம்மிடம் இன்னொரு நல்ல சொல்லும் உண்டு, 'கள்ள'. கள்ள நோட்டு அடித்தவன் யாருடைய பையிலிருந்தும் நோட்டை எடுக்கவில்லை. நோட்டு அடிக்கிற உரிமை தனக்கு இல்லாதபோது அடித்தான். கள்ளச்சாவி செய்தவன் பூட்டின் சொந்தக்காரரிடமிருந்து சாவியை எடுக்கவில்லை. மென்பொருளின் பூட்டைத் திறக்க 'கிராக்' என்றும் 'கீஜென்' என்றும் இணையத்தில் இறக்கிய சிறு நிரல்கள் கள்ளச்சாவிகள்தான். எனவே கள்ளப் பிரதி என்ற சொல்லைத் தயங்காமல் ஏற்றுக்கொள்கிறேன். திருட்டுப் பிரதி என்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை.

பணமே சம்பந்தப்படாத இடத்திலும் இந்தத் தவறு நடக்கும். பொம்மை ரயில்களைக் கணினியால் ஓட்டும் நிரல் ஒன்றை அமெரிக்காவில் ஆர்வலர்கள் சிலர் இலவசமாக வெளியிட்டார்கள்; எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம், ஆனால் எழுதியவர் பெயரையும் என்ன மாற்றினோம் என்பதையும் குறிப்பிட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. ஒரு நிறுவனம் அந்த நிரலின் பகுதிகளை எடுத்துப் பெயரை நீக்கித் தன் சரக்கில் சேர்த்துக்கொண்டது. ஜேக்கப்சன் எதிர் காட்சர் என்ற அந்த வழக்கில் 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இலவசமாகக் கொடுத்தவரின் நிபந்தனையும் பதிப்புரிமையின் பலத்தோடு செல்லும் என்றது. இலவசமாகக் கொட்டிக் கிடந்ததை யாரும் திருடவே முடியாது. ஆனால் அதைக் கொடுத்தவருக்கு இழைத்த அநீதி உண்மையானது. பிரதி எடுப்பதில் தப்பே இல்லை, பதிப்புரிமையே வேண்டாம் என்று உரக்கப் பேசுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். அவர்கள் பெரிதும் மதிக்கும் கட்டற்ற மென்பொருள் உலகமே, எழுதியவரின் நிபந்தனையை மதிக்க வேண்டும் என்ற இந்த ஒற்றைத் தூணின் மேல்தான் நிற்கிறது.

திருட்டு என்ற சொல்லைத் தொழில்துறையே எவ்வளவு சீரியஸாக எடுத்துக்கொண்டது என்பதையும் பார்க்க வேண்டும். 1976 பிப்ரவரி 3ஆம் தேதியிட்டு, இருபது வயது பில் கேட்ஸ் கணினி ஆர்வலர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஆல்டேர் என்ற சிறு கணினிக்காக அவரும் நண்பர்களும் எழுதிய பேசிக் நிரல்மொழிப் பதிப்பைத் துளையிட்ட காகித நாடாவில் பலரும் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆல்டேர் வாங்கியவர்களில் பத்து சதவீதத்துக்கும் குறைவானவர்களே பேசிக்கை வாங்கினார்கள், உழைத்த நேரத்துக்குக் கணக்குப் பார்த்தால் மணிக்கு இரண்டு டாலர்கூடத் தேறவில்லை என்று அதில் எழுதினார். பெரும்பாலானோர் திருடுகிறீர்கள் என்றும் நேரடியாகவே சொன்னார். அந்தக் கடிதத்தில் என்னை இன்றும் அசைப்பது மணிக்கு இரண்டு டாலர் என்ற அந்தக் கணக்குதான். அது கூலி கேட்கிற குரல். அதில் முழு நியாயம் இருந்தது. இருபத்திரண்டு ஆண்டு கழித்து, 1998இல், உலகின் மிகப் பெரிய பணக்காரராகிவிட்ட அதே மனிதர் சீனாவைப் பற்றிப் பேசும்போது, எப்படியும் திருடத்தான் போகிறார்கள் என்றால் எங்களுடையதையே திருடட்டும், பழகிவிடுவார்கள், பிறகு எப்படியாவது வசூல் செய்துகொள்ளலாம் என்ற கருத்தைச் சொன்னார். சைக்கிளைப் பறிகொடுத்த எவரும், திருடுவதென்றால் என் சைக்கிளையே திருடு என்று சொல்லமாட்டார். ஒரு பிரதி ஒருவருக்குப் பட்டினியாகவும் இன்னொருவருக்கு விளம்பரமாகவும் இருக்க முடியும் என்பதை, ஒரே மனிதரின் இந்த இரண்டு வாக்குமூலங்களும் காட்டிவிடுகின்றன.

இழப்புக் கணக்குகளும் இதே குழப்பத்திலிருந்து பிறந்தவை. எத்தனை கள்ளப் பிரதியோ அத்தனை முழு விலை, அவ்வளவும் இழப்பு என்று பல ஆண்டுகள் கோடி கோடியாக எண்கள் வெளியாயின. இருபதாயிரம் ரூபாய் மென்பொருளைக் கள்ளத்தனமாகப் போட்டுக்கொண்ட மாணவர், அது கிடைக்காவிட்டால் இருபதாயிரம் கொடுத்து வாங்கியிருப்பார் என்று வைத்துக்கொண்டால்தான் அந்தக் கணக்கு நிற்கும். 2010இல் அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகமான ஜிஏஓ, போலிச் சரக்கால் ஏற்படும் இழப்பு பற்றி அரசுத் துறைகளே திரும்பத் திரும்பக் காட்டிவந்த மூன்று மதிப்பீடுகளுக்கு அடிப்படை ஆய்வே கிடைக்கவில்லை என்று அறிக்கை கொடுத்தது. மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான பிஎஸ்ஏவும் பின்னாளில் 'இழப்பு' என்ற சொல்லை விட்டுவிட்டு உரிமமில்லாத மென்பொருளின் 'வணிக மதிப்பு' என்று எழுதத் தொடங்கியது. அதே கூட்டமைப்பு இந்தியாவில் நிறுவப்பட்ட மென்பொருளில் உரிமமில்லாதது 2017இல் 56 சதவீதம் என்று மதிப்பிட்டது. எண்ணைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்தாலும் பழக்கம் எவ்வளவு பரவலானது என்பதில் சந்தேகமில்லை. இவ்வளவு பரவலாக மக்கள் செய்கிற ஒன்றை எந்தப் பெயரிட்டு அழைக்கிறோம் என்பது முக்கியம்.

இனி என் மனத்துக்கு மிக நெருக்கமான இடத்துக்கு வருகிறேன். திருட்டு என்ற ஒரே சொல்லால் எல்லாப் பிரதிகளையும் அளந்தால், விலை உயர்ந்த பொருளைத் திருடியதே பெரிய குற்றம் ஆகிறது. அதன்படி, அதே டிடிபி கணினியில் இருந்த அமெரிக்கப் பக்க வடிவமைப்பு மென்பொருளின் கள்ளப் பிரதிதான் பெரும் பாவம். பக்கத்தில் இருந்த சில நூறு ரூபாய்த் தமிழ் எழுத்துரு சில்லறைக் குற்றம். கூலியைக் கொண்டு அளந்தால் இது தலைகீழாகும். அமெரிக்க நிறுவனத்துக்கு உலகம் முழுவதும் வாங்குகிறவர்கள் இருந்தார்கள். சென்னையில் ஒரு டிடிபி கடை கொடுக்காமல் விட்ட பணம் அங்கே யாருடைய அடுப்பையும் அணைக்கவில்லை. தமிழ் எழுத்துருவுக்கு அப்படி வேறு சந்தை கிடையாது. தமிழில் அச்சடிக்கிறவர்தான் அதை வாங்க முடியும். அவரும் வாங்காவிட்டால் வாங்க உலகத்தில் ஆளே இல்லை. ஒரு எழுத்துரு செய்வது என்ன வேலை என்பதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். 'ழ'வின் வால் எவ்வளவு இறங்க வேண்டும், 'ணு'வின் சுழி 'னு'வின் சுழியோடு குழம்பாமல் இருக்க எவ்வளவு இடம் விட வேண்டும், கொம்பும் எழுத்தும் அடுத்தடுத்து வரும்போது இடைவெளி கண்ணை உறுத்தாமல் இருக்கிறதா, எட்டுப் புள்ளி அளவில் பஞ்சாங்கத்தில் அடித்தால் 'கி'யின் சுழி அடைத்துக்கொள்ளுமா என்று ஒவ்வொரு வடிவையும் வரைந்து, அச்செடுத்துப் பார்த்து, திருத்தி, மறுபடி வரைய வேண்டும். தடித்த எழுத்து வேண்டுமென்றால் அத்தனையையும் இன்னொரு முறை. மாதக்கணக்கான வேலை அது. அந்த வேலைக்கு வர வேண்டிய கூலி ஐந்தாறு பிரதி விற்றதோடு நின்றுபோய், மீதி ஆயிரம் கடைகளுக்கு ஃப்ளாப்பியில் போய்ச் சேர்ந்தது. சிலர் எழுத்துருவோடு டாங்கிள் என்ற வன்பூட்டைச் சேர்த்து விற்றுப் பார்த்தார்கள். பூட்டு உள்ளதை வாங்கினால் கோப்பை வேறு இடத்துக்கு எடுத்துப் போக முடியாது என்பதால், பூட்டில்லாத கள்ளப் பிரதியே தொழிலுக்கு வசதியாகப் போயிற்று. நாம் இன்று புத்தகத்தின் அட்டையில் ஒரே மாதிரியான நாலைந்து எழுத்து வடிவங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துச் சலித்துக்கொள்கிறோம். கூலி கிடைத்திருந்தால் வரையப்பட்டிருக்கும் எழுத்துகள் எத்தனை என்பதை எண்ணுகிறபோது வருத்தம் மிஞ்சுகிறது.

எழுத்துரு வரைந்தவர்களில் சிலர் இதைத் தெரிந்தே வேறு வழியில் போனார்கள் என்பதையும் நன்றியோடு சொல்ல வேண்டும். சுவிட்சர்லாந்தில் வாழும் கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை இலவசமாகவே பரப்பினார். பின்னால் வந்த இ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளும் அப்படித்தான் இலவசமாக நம் கைக்கு வந்தது. விண்டோஸ் 2000இல் லதா எழுத்துருவோடு யூனிகோடு தமிழும் இயங்குதளத்திலேயே சேர்ந்து வந்தது. கொடுப்பது கொடுப்பவரின் விருப்பம். அவர்கள் கொடுத்தார்கள் என்பதால், கொடுக்காதவரிடமும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆகாது. அன்னதானம் நடக்கும் ஊரில் சாப்பாட்டுக் கடையில் காசு கொடுக்காமல் எழுந்து போக யாருக்கும் உரிமையில்லை.

திருட்டு என்று சொல்லாவிட்டால் ஜனங்கள் அதை லேசாக எடுத்துக்கொள்வார்களே என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு. நம் மாநிலத்தின் அனுபவம் அந்தக் கவலைக்குப் பதில் சொல்கிறது. 'திருட்டு விசிடி' என்ற பெயரை நம்மைப் போல வேறு யாரும் வீட்டுச் சொல்லாக்கியிருக்க மாட்டார்கள். சுவரொட்டியிலும் திரையரங்கிலும் சட்டமன்றத்திலும் அது முழங்கியது. அதன் உச்சமாக 2004இல் வீடியோ கள்ளப் பிரதிக்காரர்களும் குண்டர் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டார்கள். விசாரணை முடியாமலே ஒருவரை ஓராண்டு வரை அடைத்து வைக்க இடம் கொடுக்கும் சட்டம் அது. மென்பொருள் அந்தப் பட்டியலில் வரவில்லை; ஆனால் ஒரு சொல் எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்பதற்கு அது எச்சரிக்கை. நடைபாதையில் சிடி அடுக்கி விற்றவர் சாராயம் காய்ச்சியவரோடும் ரவுடியோடும் ஒரே வரிசையில் நிறுத்தப்பட்டார். அத்தனைக்கும் பிறகும் பிரதி எடுப்பது நிற்கவில்லை, சிடியிலிருந்து இணையத்துக்கு இடம் மாறியது. பொருந்தாத சொல்லை மக்கள் உள்ளூர நம்புவதில்லை. தன் மகன் நண்பனிடமிருந்து ஒரு சிடியைப் பிரதி எடுத்து வந்ததையும் பக்கத்து வீட்டுச் செயினை அறுத்து வந்ததையும் ஒன்றென்று எந்தத் தாயும் ஒப்புக்கொள்ள மாட்டாள். ஆனால் கொத்தனாருக்குக் கூலி கொடுக்காமல் அனுப்பாதே என்றால் அவளுக்கு உடனே புரியும். வள்ளுவரே கள்ளாமை என்று ஓர் அதிகாரம் வைக்கவில்லையா, எண்ணத்தில் வந்தாலே தீமை என்று அவர் கருதவில்லையா என்று கேட்கலாம். அந்த அதிகாரம் துறவறவியலில், கூடாவொழுக்கத்துக்கு அடுத்து வருகிறது. மனத்தில் உள்ள கள்ளத்தைத் துறவி எப்படி ஒழிப்பது என்பது அங்கே கவலை. தன் மனத்தைத் தானே அளக்க அந்தக் கோல் பொருந்தும். பிறரைச் சிறையில் தள்ள அரசு கையில் எடுக்க வேண்டிய கோல் வேறு.

மிச்சமிருப்பது வறுமையின் வாதம். வாங்க வழியில்லாத மாணவர் என்ன செய்வார் என்ற கேள்வியை நான் ஒதுக்க மாட்டேன். தொண்ணூறுகளில் அந்தக் கேள்விக்கு உண்மையான பலம் இருந்தது. ஒரு அலுவலக மென்பொருளின் விலை பல வீடுகளின் சில மாத வருமானம். அன்று கள்ளப் பிரதியில் கற்றுக்கொண்டு வேலைக்குப் போனவர்கள் ஏராளம். அவர்களைத் திருடர்கள் என்று அழைக்க எனக்கு மனமில்லை, சட்டமும் அப்படி அழைக்கவில்லை. ஆனால் அந்த வாதத்துக்கு வயதாகிவிட்டது. லிப்ரெ ஆபீஸ், கிம்ப், இங்க்ஸ்கேப், பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ், தமிழுக்கு நோட்டோ போன்ற திறந்த உரிம எழுத்துருக்கள் எல்லாம் சட்டப்படியே இலவசமாகக் கிடைக்கின்றன. பக்கத்து மாநிலமான கேரளத்தில் அரசுப் பள்ளிகளே பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில் பாடம் நடத்துகின்றன. மேலும் வறுமை என்பது மாணவருக்குப் பொருந்துகிற அளவுக்குக் கடைக்குப் பொருந்தாது. ஒரு எழுத்துருவை வைத்து வருஷத்துக்கு ஐந்நூறு கல்யாணப் பத்திரிகை அடித்துச் சம்பாதிப்பவர், அந்த எழுத்தை வரைந்தவருக்குக் கொடுக்க முடியவில்லை என்று சொல்ல வழியில்லை. 63பி பிரிவு லாபத்துக்குப் பயன்படுத்துபவரையும் மற்றவரையும் பிரித்துப் பார்ப்பது இதனால்தான் நியாயமாகப் படுகிறது.

இப்போது எழுத்துருவைக் கோப்போடு ஃப்ளாப்பியில் கொடுத்து அனுப்பும் தேவை கிடையாது. பிடிஎஃப் கோப்புக்குள்ளேயே அது பதிந்து போய்விடுகிறது. பிரதி எடுப்பதற்குத் தொழில்நுட்பம் கொடுத்த சாக்கு தீர்ந்துவிட்டது. ஆனாலும் 'இரண்டாயிரம் தமிழ் ஃபாண்ட் ஒரே ஃபோல்டரில்' என்று வாட்ஸாப்பில் சுற்றி வருகிறது. அன்றைய டிடிபி கடை ரசீதுகள் கண்ணில் நிற்கின்றன: டைப்பிங் இவ்வளவு, ஃபிலிம் இவ்வளவு, பிளேட் இவ்வளவு, பேப்பர் இவ்வளவு, பிரிண்டிங் இவ்வளவு, மடிக்கவும் ஒட்டவும் தனியாக இவ்வளவு. ஒட்டுகிறவருக்குக்கூட ஒரு வரி இருந்தது. எழுத்துக்கு இல்லை.